வியாழக்கிழமைத் துண்டு

போன மாதம் சாந்தி தொலைபேசியில் அழைத்தாள். நான் கடைசியாக வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் அவள் இன்னும் பராமரிப்பாளராக இருக்கிறாள்.

“அக்கா, கிச்சன மூடிட்டாங்க லா,” என்றாள். “இப்ப சாப்பாடு வேன்ல வருது. எல்லாம் டப்பா. நாங்க சூடு பண்ணிக் குடுக்குறதோட சரி.”

“அடுப்பு என்னாச்சு?”

“கழட்டிக் கொண்டு போயிட்டாங்க. அந்த எடத்துல இப்ப வீல்சேர் அடுக்கி வச்சிருக்கு.”

பிறகு அவளே சொன்னாள்: “வியாழக்கெழம பன்னி எங்கன்னு பெருசுங்க கேக்குதுங்கக்கா. அத எப்படிப் பண்ணுவீங்க? நா வீட்ல செஞ்சு கொண்டாந்து குடுக்கலாமான்னு பாக்குறேன். அப்பறம் சில பேருக்கு மட்டும் துணியில கட்டிக் குடுப்பீங்களே, அது எதுக்கு?”

சொல்ல ஆரம்பித்தேன். சட்டி, எண்ணெய், சோயாக் கிச்சாப்பு என்று பாதி வரைக்கும் வந்துவிட்டேன். துணியைப் பற்றிச் சொல்லும் இடத்தில் நின்றுபோனது. இரண்டு பேரைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. அவர்களில் ஒருவரைச் சாந்தி பார்த்ததில்லை, மற்றவரோடு அதிகம் பழகியதில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தபோது இவ்வளவு நீளும் என்று நினைக்கவில்லை.

நான் பீடோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டம் கைமாறி, ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். நான் ஈப்போவுக்கு வந்து ஒரு சீனர் சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவினேன். கழுவுகிற தொட்டியிலிருந்து வெங்காயம் உரிக்கும் மேசைக்கும், அங்கிருந்து அடுப்படிக்கும் வந்து சேரப் பல வருடங்கள் ஆயின. அந்தக் கடைச் சமையல்காரர் ஹைனான் சீனர். மதியக் கூட்டம் அவருடைய பன்றி இறைச்சிக்காகவே வரும். அவர் எதையும் சொல்லித்தருகிற ஆள் இல்லை. இறைச்சியைச் சட்டியில் வைத்த பிறகு நான் கரண்டியைத் தூக்கினால் “ஜாங்கான் காச்சாவ்” என்பார். தொந்தரவு செய்யாதே என்று மலாயில் சொல்வது. அவர் என்னிடம் பேசியதில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வார்த்தைகள்தான்.

என் கணவர் ஆறுமுகம் லாரி ஓட்டினார். முருக பக்தர். எங்கள் வீட்டுக்குள் பன்றி வந்ததே இல்லை. என்னை வேலையை விடச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் நான் வேலை முடிந்து வந்தால் பின்பக்கக் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். மாற்றுத் துணியை அவரே கொடியில் போட்டு வைத்திருப்பார். மழை நாளில் துண்டு நனையாமல் கையில் பிடித்துக்கொண்டு கதவருகே நிற்பார். நல்ல மனுஷன். ஆனால் பகல் முழுக்க நான் என்ன சமைத்தேன், எது நன்றாக வந்தது, எது கருகிப்போனது என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. நானும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. அவர் இறந்த பிறகும் நான் குழாயடியில்தான் குளித்தேன். பையன் குமரன் அதற்குள் ஜொகூருக்குப் போய்விட்டான். அங்கிருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறான்.

அந்தக் கடை மூடியதும் இல்லத்துக்கு வந்தேன். ஈப்போவின் ஓரத்தில், சுண்ணாம்பு மலைக்குக் கீழே, பழைய பங்களா ஒன்றை விரிவாக்கிக் கட்டியது. இருந்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். அங்கே எல்லாவற்றுக்கும் பொறுப்பு மிஸ் கோ. அரசாங்க மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து போட்டு நடப்பார், வருவது காதில் விழாது. குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், அப்போது நாம்தான் கிட்டப் போய்க் கேட்க வேண்டும். எங்களுக்குள் பேச்சு மலாயில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முதல் நாளே என்னிடம் சொன்னார்: “பவுன், இங்கே சமையல்காரி ருசியை மட்டும் பார்த்தால் ஆகாது. ஒவ்வொருத்தருக்கும் தொண்டை வேறு.”

சாப்பாட்டு நேரத்தில் மேசை மேசையாக நடப்பார். யார் முகத்தையும் பார்க்க மாட்டார், தொண்டையைப் பார்ப்பார். விழுங்கும்போது மேலே ஏறி இறங்குகிறதா, எத்தனை முயற்சி எடுக்கிறது, விழுங்கிய பிறகு குரல் ஈரமாகக் கேட்கிறதா என்று கவனிப்பார். காலையில் அடுப்படிக்கு வந்து, இன்னாருக்கு இன்று முதல் நகக்கண் அளவுக்கு நறுக்கியது, இன்னாருக்கு அரைத்தது என்று சொல்லிவிட்டுப் போவார். நான் நறுக்கியதை முள்கரண்டியின் முதுகால் அழுத்திப் பார்ப்பார். நசுங்கினால்தான் போகலாம்.

வியாழக்கிழமை பன்றி இறைச்சி. சாந்தி, நீ கேட்டது இதுதான்.

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள துண்டை வாங்கு. அதில்தான் கொழுப்பு கொடி கொடியாக உள்ளே ஓடும். விரல் தடிமனுக்கு அறுத்து, கத்தியின் முதுகால் இரண்டு பக்கமும் லேசாகத் தட்டு. பிறகு துணியால் ஒற்றி ஈரத்தை எடு. இதில் சோம்பல் படாதே. ஈரம் இருந்தால் இறைச்சி வேகும், சிவக்காது. உப்பும் வெள்ளை மிளகும் சட்டியில் போடுவதற்குச் சற்று முன்னால்தான். இரும்புச் சட்டி காய வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது மணி மாதிரி உருண்டு ஓட வேண்டும். எண்ணெய் கொஞ்சம். துண்டை உன் பக்கமிருந்து அந்தப் பக்கமாகச் சாய்த்துப் படுக்க வை, எண்ணெய் உன் மேல் தெறிக்காது. அப்புறம் தொடாதே. முதலில் பெரிதாகச் சத்தம் போடும். பிறகு சத்தம் தணியும். ஓரத்தில் நிறம் மாறி மேலே ஏறிவரும். அடி சிவந்ததும் துண்டு தானாகச் சட்டியை விட்டுவிடும். விடவில்லையென்றால் இன்னும் நேரம் வரவில்லை. ஒரே ஒரு முறை திருப்பு. கடைசியில் இடுக்கியால் நிமிர்த்திப் பிடித்து, கொழுப்பு ஓரத்தையும் சட்டியில் நிற்க வைத்துச் சிவக்க விடு. எடுத்துத் தட்டில் வைத்து ஆற விடு.

குழம்பு அதே சட்டியில். கொழுப்பை வடித்துவிட்டுக் கொஞ்சம் மட்டும் வை. சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி. வாசம் வந்ததும் எலும்பு வேகவைத்த தண்ணீரை ஊற்றி, அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பையெல்லாம் மரக்கரண்டியால் சுரண்டு. ருசி அங்கேதான் இருக்கிறது. வெள்ளைக் கிச்சாப்பு உப்புக்கு, கறுப்புக் கிச்சாப்பு நிறத்துக்கு, குலா மெலாக்கா வெல்லத்தைச் சீவிப் போடு. சீனி போடாதே, அது வெறும் இனிப்பு. கரண்டியின் முதுகில் ஒட்டி நிற்கும் வரை வற்ற விடு. தட்டில் ஆறிய இறைச்சியிலிருந்து இறங்கியிருக்கும் சாற்றையும் அதில் சேர். தீயை அணைத்த பிறகு ஒரு கஸ்தூரி எலுமிச்சை பிழி. முதலில் இனிப்பும், அதன் பின்னாலேயே உப்பும், கடைசியில் லேசாகப் புளிப்பும் வர வேண்டும்.

நான் ருசி பார்ப்பேனே தவிரத் தட்டில் போட்டுச் சாப்பிட்டதில்லை. அது வீட்டுப் பழக்கம்.

அப்படி ஒரு வியாழக்கிழமை குழம்பை வற்ற விட்டுக்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே யாரோ தமிழில் கேட்டார்கள்.

“தங்கச்சி, இன்னிக்கிப் பன்னி எந்த எடம்? கழுத்தா?”

திரும்பிப் பார்த்தால் ஒரு சீனக் கிழவர். அரைக்கால் சட்டை, பனியன். அந்த வாரம்தான் இல்லத்துக்கு வந்தவர். பெயர் ஆ லோக்.

“கழுத்துதான்,” என்றேன். “தமிழ் எங்க கத்துக்கிட்டீங்க?”

“கத்துக்கிட்டனா? யாவாரம் லா. பேசலன்னா யாரு வாங்குவா?”

வாலிபத்திலிருந்து தாப்பாவுக்கும் பீடோருக்கும் இடையில் இருந்த தோட்டங்களில் பன்றி இறைச்சி விற்றவர். முதலில் சைக்கிள், பிறகு மோட்டார் சைக்கிள். பின்னால் ஒரு தகரப்பெட்டி, அதில் கத்தியும் தராசும். சம்பள வாரத்தில் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் வழியாகப் போவார். எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். எனக்கு ஆசையாக இருந்தது. அவர் தலையை ஆட்டினார்.

“அது என் லைன் இல்ல. அங்க வேற ஆளு போனான்.”

அவ்வளவுதான். ஆனாலும் அன்றிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்ததும் பின்வாசலுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார். நான் மறுநாளுக்கான கீரையை ஆய்வேன். நான் அவரைத் தவுக்கே என்று கூப்பிட்டேன். தோட்டத்தில் சீனக் கடைக்காரர்களை அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்கு ஆட்களின் பெயர் ஒன்றும் நினைவில் இல்லை. யார் எந்தத் துண்டு வாங்கினார்கள் என்பது நன்றாக நினைவிருந்தது. ஆற்றோரத் தோட்டத்தில் பன்றிக் காது மட்டும் கேட்டு வாங்கும் பெண், கொழுப்பில்லாமல் கேட்டுவிட்டு எடை போட்ட பிறகு கொழுப்பு வைக்கச் சொல்லும் கங்காணி, கள்ளுக்கடை வறுவலுக்கு விலாவை மொத்தமாக எடுக்கும் ஆள் என்று சொல்லிக்கொண்டே போவார். தோட்டத்துக் கெட்ட வார்த்தைகளும் இடையிடையே வரும். அவற்றை அவர் மரியாதைச் சொற்களைப் போலச் சொல்வார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த இல்லத்தில் அப்போது தமிழ் பேச வேறு யாரும் இல்லை. பராமரிக்கும் பெண்கள் இந்தோனேசியர்கள். காலையில் பஸ் ஏறினால் மாலையில் இறங்கும் வரை மலாயும் கொஞ்சம் கேண்டனீஸும்தான். வீட்டுக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. சில நாட்கள் சாமி விளக்கேற்றும்போதுதான் என் வாயிலிருந்து அன்றைய முதல் தமிழ்ச் சொல் வரும். ஆ லோக் வந்த பிறகு அது மாறியது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அவர் ஹக்கா சீனர், அங்கே மற்றவர்கள் பேசியது கேண்டனீஸ். மகன் ஆஸ்திரேலியாவில். மகள் லிலி ஈப்போவிலேயே ஓர் அலுவலகத்தில் இருந்தார், ஞாயிறு தவறாமல் வருவார். வந்தால் அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பேசுவது குறைவு.

ஒரு காலைச் சாப்பாட்டில் ஆ லோக் கையிலிருந்த கரண்டி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் நிமிரவில்லை. பக்கவாதம்.

மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்தபோது வலது கை தொங்கியது. முகம் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பேச்சு குழறியது, ஆனால் எனக்குப் புரிந்தது. மிஸ் கோ அடுப்படிக்கு வந்து சொன்னார்: “கஞ்சி. அரைத்த கஞ்சி. தண்ணீர்கூட மாவு கலந்து கெட்டியாக்கித்தான்.”

வியாழக்கிழமை வந்தது. இறைச்சியின் வாசம் அவர் இருந்த அறை வரைக்கும் போயிருக்கிறது. கஞ்சிக் கிண்ணத்தோடு நான் போனபோது கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எனக்கு எங்க?”

“இதுலதான் தவுக்கே. அரச்சுப் போட்டிருக்கு.”

“இது சுவத்துல பூசுறது,” என்று சொல்லி வாயை மூடிக்கொண்டார். அன்று மட்டுமில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அப்படியே. இரண்டு கரண்டி வாங்குவார், அதோடு சரி.

மிஸ் கோவிடம் போனேன். “ஒரே ஒரு துண்டு, மெல்லிசாக அறுத்துக் கொடுத்தால் என்ன?” என்று கேட்டேன்.

அவர் மறுக்கும் முன்பு என்னை உட்காரச் சொன்னார். பக்கவாதம் வந்தவர்களுக்கு உணவு தவறிப்போய் நுரையீரலுக்குள் இறங்கும், சிலருக்கு இருமல்கூட வராது, பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது என்று விளக்கினார். பிறகு மருத்துவமனையில் வேலை பார்த்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொன்னார். சீனப் புத்தாண்டுச் சமயம். ஒரு மகள் ஆசையாக அம்மாவுக்கு ஒட்டுகிற பலகாரம் கொண்டுவந்து ஊட்டியிருக்கிறாள்.

“நான் இரண்டு கட்டில் தள்ளி நின்றேன், பவுன். ஓடினேன். எல்லாம் செய்தேன். அந்த மகள் கையில் மீதிப் பலகாரத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.” பிறகு, “கொடுக்க முடியாது,” என்றார்.

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எனக்கு வேறு வழி தோன்றியது. கழுத்துத் துண்டை நன்றாகச் சிவக்க வறுத்து, அதே குழம்பில் போட்டு மூடி, சின்னத் தீயில் மதியம் வரை விட்டேன். இறைச்சி நார் நாராகி, நாக்கால் அழுத்தினால் கரையும் பக்குவத்துக்கு வந்தது. குழம்பும் கெட்டியாக அதைப் பிடித்துக்கொண்டது. மிஸ் கோ முள்கரண்டியால் அழுத்தினார், தானே ஒரு வாய் சாப்பிட்டார், வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார். சரி என்றார். அவரே ஆ லோக்கை நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையை இறக்கச் சொல்லி, அரைக் கரண்டி ஊட்டினார்.

அவர் விழுங்கினார். நாங்கள் இருவரும் அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏறி இறங்கியது.

“எப்படி இருக்கு தவுக்கே?”

“தங்கச்சி,” என்றார், “நா இத அறுத்து வித்தவன். இது பன்னி இல்ல. பன்னி குளிச்ச தண்ணி.” அடுத்த கரண்டிக்கு வாய் திறக்கவில்லை.

எனக்கு அழுகை வந்தது. அடுப்படிக்குப் போய்விட்டேன். கோபமும் வந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. அவர் கேட்டது மென்மையான இறைச்சி இல்லை. பல்லுக்கு அடியில் ஒன்று எதிர்த்து நிற்க வேண்டும் என்றுதான் கேட்டார். அவர் பற்களில் முக்கால்வாசி அப்போதும் அவருடைய சொந்தப் பற்கள்.

நாள் போகப் போக இளைத்தார். சட்டைக்குள் தோள் எலும்பு தெரிந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான் என்றார். மிஸ் கோ அதை ஆ லோக்கிடம் மலாயில் சொன்னார். மதியம் நான் போனபோது அவர் என்னிடம் தமிழில் பதில் சொன்னார்.

“கொழா போட்டா புடுங்கிடுவேன். இடது கை நல்லாத்தான் இருக்கு.”

“அப்படிச் சொல்லாதீங்க தவுக்கே.”

“இல்ல, கேளு. உங்க ஆளுங்க வெத்தல போடுறாங்கல்ல. மெல்லுறாங்க, சாறு எறங்குது, சக்கையத் துப்பிடுறாங்க. யாராச்சும் சக்கைய முழுங்குறாங்களா? எனக்கு அந்த மாதிரி குடு. மென்னுட்டுத் துப்பிடுறேன். அப்பறம் அந்தக் கஞ்சி எழவ எவ்வளவு வேணாலும் ஊத்துங்க, குடிக்கிறேன்.”

நான் அதை அப்படியே மிஸ் கோவிடம் மொழிபெயர்த்தேன். எழவு என்ற சொல்லை விட்டுவிட்டேன். அவர் உடனே இல்லை என்று சொல்லவில்லை.

“துப்ப வேண்டும் என்று நினைப்பார். தொண்டை வேறு நினைக்கும்,” என்றார். பிறகு மருந்து அலமாரியைத் திறந்து, காயம் கட்டும் மெல்லிய வலைத்துணியை எடுத்தார். “இறைச்சியை இதில் வைத்து முறுக்கிக் கட்டு. வாலை நீளமாக விடு. வாலை நான் பிடித்துக்கொள்வேன். துண்டு எங்கும் போகாது. ஆனால் சாறு போகும். சாறும் தப்பான வழியில் போகலாம். அதை என்னால் தடுக்க முடியாது. மகளிடம் கேட்க வேண்டும்.”

ஞாயிற்றுக்கிழமை லிலியை வைத்துக்கொண்டே, அப்பாவுக்கு முன்னாலேயே கேட்டார். எதையும் மறைக்கவில்லை. குழாயைப் பற்றிச் சொன்னார், துணியைப் பற்றிச் சொன்னார், சாற்றைப் பற்றியும் சொன்னார். லிலி அப்பாவைப் பார்த்தார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், சந்தையில் பேரம் முடியட்டும் என்று காத்திருப்பவர் போல.

“அவர் கேட்கிறார் என்றால் கொடுங்கள்,” என்றார் லிலி. கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அந்த வியாழக்கிழமை நான் செய்த அளவு கவனமாக என் வாழ்நாளில் எதையும் சமைத்ததில்லை. மற்றவர்கள் சாப்பிட்டு முடித்துப் படுக்கப் போன பிறகு சட்டியைப் புதிதாகக் காய வைத்தேன். கொழுப்பு ஓரம் நன்றாகச் சிவந்த பகுதியை விரல் நீளத்துக்கு அறுத்து, குழம்பில் ஒருமுறை புரட்டி, வடியவிட்டு, துணியில் வைத்து முறுக்கினேன். மிஸ் கோ அவரை நேராக நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, கழுத்தில் துவாலையைக் கட்டினார். சளி உறிஞ்சும் கருவியைப் பக்கத்தில் இழுத்துச் செருகி, ஒருமுறை ஓட விட்டுப் பார்த்து அணைத்தார்.

“துணியோடயா?” என்றார் ஆ லோக்.

“துணியோடதான். புடிக்கலன்னா விடுங்க,” என்றேன்.

வாயைத் திறந்தார். மிஸ் கோ துணியின் வாலை இரண்டு விரலில் சுற்றிக்கொண்டார். ஆ லோக் மென்றார். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக, நல்ல பக்கத்துப் பல்லில் வைத்து மென்றார். குழம்பும் எச்சிலும் கலந்து உதட்டோரம் வழிந்தது, துடைத்தேன். மென்றுகொண்டே இருந்தார். வெளியே சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. மிஸ் கோ அவர் தொண்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பிறகு அவர் தலையை அசைக்க, மிஸ் கோ துணியை வெளியே இழுத்தார். உள்ளே வெளுத்த சக்கை இருந்தது.

“கழுத்து,” என்றார் ஆ லோக். “ஓரம். சட்டி நல்லாக் காஞ்சிருக்கு.”

நான் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தேன். கிண்ணம் காலியாகும் வரை வாய் திறந்தார்.

குழாய் போடவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் நாங்கள் மூன்று பேரும் அதே மாதிரி உட்கார்ந்தோம். ஒருநாள்கூட மிஸ் கோ வேறு யாரையும் வாலைப் பிடிக்க விடவில்லை. மற்ற நாட்களில் கஞ்சி மேல் அந்தக் குழம்பைக் கொஞ்சம் ஊற்றினால் சாப்பிட்டுவிடுவார். கன்னத்தில் சதை பிடித்தது. பேச்சு கொஞ்சம் தெளிந்தது. பின்வாசலுக்கு வீல்சேரில் வந்து, நான் கீரை ஆய்வதில் குற்றம் கண்டுபிடித்தார். மழைக்காலம் அப்படியே போனது.

மழை விட்ட பிறகு ஒரு காலை காய்ச்சலோடு எழுந்தார். மூச்சில் கொரகொரவென்று சத்தம். ஆம்புலன்ஸ் வந்தது. தூக்கிக்கொண்டு போகும்போது நான் ஈரக் கையோடு வெளியே ஓடி வந்தேன்.

“வாரேன் தங்கச்சி,” என்றார்.

ஒரு வாரம் தாண்டவில்லை, மருத்துவமனையிலேயே போய்விட்டார். அடக்கம் நடந்தது எனக்கு மறுநாள்தான் தெரியும். சமையல்காரியிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லைதான். மிஸ் கோ மட்டும் போய்விட்டு வந்திருந்தார்.

சில நாள் பொறுத்து, தனியாக இருக்கும்போது கேட்டேன். “பன்றியாலா?”

அவர் எனக்குச் சமாதானம் சொல்லவில்லை. “தெரியாது, பவுன். அந்த நிலையில் இருப்பவர்களுக்குச் சொந்த எச்சிலே உள்ளே போகும். கஞ்சியாகவும் இருக்கலாம். வியாழக்கிழமையாகவும் இருக்கலாம். மறுபடியும் ஒருவர் அப்படிக் கேட்டால் கொடுப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கும் வாலை விரலில் சுற்றிக்கொண்டு பயந்துகொண்டுதான் உட்காருவேன்.” சொல்லிவிட்டு எழுந்து சாப்பாட்டு அறைக்குப் போனார். மதியச் சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது.

பின்னால் இரண்டு மூன்று பேருக்கு, வீட்டார் சம்மதித்த பிறகு, மிஸ் கோ அந்தத் துணியைக் கட்டிக் கொடுத்தார். நீ பார்த்தது அதைத்தான், சாந்தி. வீட்டிலிருந்து செய்து கொண்டுபோனால் நல்ல தொண்டை உள்ளவர்களுக்கு மட்டும் கொடு. துணி வேலை உனக்கு வேண்டாம். அதற்கு மிஸ் கோ மாதிரி ஓர் ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும்.

மிஸ் கோ ஓய்வு பெற்றுப் பினாங்கில் தங்கை வீட்டுக்குப் போனார். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு தொடர்பு இல்லை. முழங்கால் முடியாமல் நானும் வேலையை விட்டு நின்றுவிட்டேன். இப்போது ஈப்போவிலேயே குனோங் ராபாட்டில், தெருவின் கடைசி வீட்டில் இருக்கிறேன். குமரன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். சாப்பிட்டாச்சாம்மா என்று கேட்பான், சாப்பிட்டாச்சு என்பேன். பக்கத்து வீட்டார் காலையில் காரில் போனால் இருட்டும்போது வருகிறார்கள். ஒரு ஆளுக்கு ரசம் வைப்பது கஷ்டம். எவ்வளவு குறைத்து வைத்தாலும் மிஞ்சுகிறது.

இதைப் பாதி எழுதியிருந்தபோது ஒரு மதியம் வாசலில் கார் நின்றது. லிலி. தலை நரைத்திருந்தது, முதலில் அடையாளம் தெரியவில்லை. இல்லத்துக்குப் போய் சாந்தியிடம் விலாசம் வாங்கி வந்திருக்கிறார். ஒரு பை ஆரஞ்சு கொடுத்தார். உட்கார வைத்துத் தேத்தண்ணி போட்டேன். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவர் போல இருந்தார். மலாயில்தான் பேசினோம்.

“அப்பா கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் மொழி இல்லை. மலாயும் இல்லை. நர்ஸ்களுக்கும் தெரியவில்லை. தமிழாக இருக்கலாம் என்று எனக்கு இவ்வளவு காலம் கழித்துத்தான் தோன்றியது.”

“என்ன வார்த்தை?”

அவர் வெட்கப்பட்டார். பிறகு சொன்னார். “போ… டுமா. போடுமா.”

எனக்கு முதலில் ‘போடும்மா’ என்றுதான் காதில் விழுந்தது. தட்டில் போடச் சொன்னாரோ என்று நினைத்தேன். “கேட்பது மாதிரி சொன்னாரா, சொல்வது மாதிரியா?” என்றேன்.

“கேட்பது மாதிரி. இந்தக் கையைத் தூக்கி, எதையோ காட்டுவது போல வைத்துக்கொண்டு கேட்பார். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்ப்பார்.” இடது கையை உயர்த்திக் காட்டினார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எதையோ பிடித்துத் தொங்கவிட்டிருந்தன.

புரிந்துவிட்டது. தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் அந்தக் கை தெரியும்.

“போதுமா,” என்றேன். “அதுதான் வார்த்தை. இறைச்சியை அறுத்துத் தூக்கிக் காட்டிக் கேட்பது. இவ்வளவு சரியா, இன்னும் வேண்டுமா என்று. வீட்டுக்கு வீடு அப்படித்தான் கேட்டிருப்பார்.”

“நாங்கள் தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்தோம்,” என்றார் லிலி. “பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தோம். தலையைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் கேட்பார். யாரும் பதில் சொல்லவில்லை, அதனால்தான் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.”

தேத்தண்ணி ஆறிவிட்டது என்று கிண்ணத்தை எடுக்கப் போனேன். அவர் என் கையைத் தடுத்தார்.

“வாங்குகிறவர்கள் என்ன பதில் சொல்வார்கள்?”

“போதும் தவுக்கே என்று சொல்வார்கள். வீட்டு ஆட்களாக இருந்தால் வெறும் போதும்.”

“போடும்,” என்றார்.

“நாக்கைப் பல்லுக்குப் பின்னால் வைத்துச் சொல்லுங்கள். போதும்.”

“போதும்.”

சரியாக வந்துவிட்டது என்று தலையாட்டினேன். அவர் இன்னொரு முறை சொன்னார். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை.